ஆத்தாவின் நாகூர் பாக்கி

பி.காம். படித்தவர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி. (மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், ரெண்டு நிமிஷம்தான்.) சாமிக்கு நேர்ந்துகொண்ட வேண்டுதலை பேலன்ஸ் ஷீட்டில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

இடது பக்கம்தான். கடன் பக்கம். சரக்கு வந்து சேர்ந்துவிட்டது, பணம் இன்னும் கொடுக்கவில்லை. 'சண்ட்ரி கிரெடிட்டர்ஸ்' என்று தலைப்புப் போட்டு, பழனி முருகன், பண்ணாரி அம்மன், ஆனைமலை மாசாணியம்மன் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம். நம்ம கொங்கு நாட்டில் இந்த மாதிரி நாலு கிரெடிட்டர்கள் இல்லாத வீடு கிடையாது.

எங்கள் வீட்டுப் பட்டியலில் கடைசிப் பேர் ஒன்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அடிக்கப்படாமலேயே கிடந்தது.

நாகூர் ஆண்டவர்.

கடன் ஏறிய தேதி துல்லியமாகத் தெரியும். 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் ஊர் முழுக்க வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் செத்துப்போனார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம்.

சித்தப்பாவுக்கு அப்போது ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. எங்கள் வீடு சூலூர் பக்கம். ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. ஆறு மணிக்கு பஸ் இல்லை. ஏழு மணிக்குக் கடைக்கு போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. எனக்கு எட்டு வயசு. அன்று யாரும் என்னைப் படிக்கச் சொல்லவில்லை என்பதிலிருந்தே நிலைமை மோசம் என்று தெரிந்துகொண்டேன்.

ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள். பழனி, பண்ணாரி, மாசாணி, வேளாங்கண்ணி மாதா. அப்புறம் நாகூர் ஆண்டவர். "எம் பையன் முழுசா வூடு வந்து சேர்ந்தா முடி எறக்கறேஞ் சாமி" என்று சொல்லி, மஞ்சள் துணியில் பதினொன்றேகால் ரூபாய் முடிந்து வைத்தாள்.

ராத்திரி பதினொன்றரைக்குச் சித்தப்பா வந்தார். பாதி நடை, பாதி லாரி. செருப்பு கையில் இருந்தது.

சரக்கு டெலிவரி ஆகிவிட்டது.

பழனி பாக்கியை அந்த வைகாசியிலேயே தீர்த்தார்கள். பண்ணாரியும் மாசாணியும் அடுத்த வருஷம். வேளாங்கண்ணிக்கு 2003-ல் போய் மெழுகுவத்தி ஏற்றினார்கள். வேளாங்கண்ணியிலிருந்து நாகூர் வெறும் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். நாகப்பட்டினத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் வண்டி திரும்பிவிட்டது. திருப்பியவர் பெரியப்பா.

"குண்டு வெச்சது யாரு? அவங்க சாமிகிட்டயே போயி மொட்டை போடறதா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

அப்பா சட்டம் பேசினார். மூணு வருஷம் கேட்காமல் விட்ட கடன் லிமிடேஷன் ஆக்ட்படி காலாவதி என்றார்.

ஆத்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில்தான் சொன்னாள். "குண்டு வெச்சவன் எவனோ. நாங் கேட்டது ஆண்டவர்கிட்ட. குடுத்தாரு. வாங்கின நாம திருப்பித் தரோணும்."

பள்ளிக்கூடமே போகாத ஆத்தா சொன்னது எனக்குக் காலேஜ் செகண்ட் இயரில்தான் புரிந்தது. பேரேட்டில் ராமசாமி கணக்கில் எழுதவேண்டிய தொகையைத் தப்பாகக் கிருஷ்ணசாமி கணக்கில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. டிரையல் பேலன்ஸ் ஜோராக டேலி ஆகும். அதுதான் அந்தத் தப்பில் உள்ள ஆபத்து. கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும், பணம் மட்டும் சம்பந்தமில்லாத ஆள் தலையில் விழுந்திருக்கும்.

எங்கள் ஊர் அந்த ரெண்டரை மாசம் போட்ட கணக்கு அப்படித்தான். 1997 நவம்பர் 29-ல் உக்கடத்தில் ஒரு போலீஸ் கான்ஸ்டபிளைக் கொன்றார்கள். கொன்றவர்கள் சிலர். அதற்குப் பின் வந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் செத்துப்போனது 18 முஸ்லிம்கள். அதற்குப் பழி என்று பிப்ரவரியில் குண்டு வைத்தார்கள். செத்த 58 பேரில் யார் யாரைக் கொன்றிருந்தார்கள்? ஒவ்வொரு தடவையும் எழுதவேண்டிய பேர் ஒன்று, எழுதிய பேர் வேறு. கோபம் மட்டும் டேலி ஆகிக்கொண்டே இருந்தது.

போன வருஷம் ஆத்தாவுக்கு எண்பத்தெட்டு. "நான் போயிட்டா இந்த பாக்கி யார் தலைமேல?" என்று ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு பேர் வேனில் கிளம்பினோம்.

நாகூருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ரோட்டைப் பார்க்க வேண்டும். பழைய 67-ஆம் நம்பர் நெடுஞ்சாலை நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து தஞ்சாவூர், திருச்சி, கரூர் வழியாகக் கோவைக்கு வந்து, மேட்டுப்பாளையம், ஊட்டி என்று மலை ஏறும். அங்கே ஒரு முனை, இங்கே நாம். அந்தக் காலத்தில் பச்சைத் தலைப்பாகையும் மயிலிறகும் சாம்பிராணிச் சட்டியுமாக வீட்டு வாசலுக்கே வந்த பக்கிரிகள்தான் நாகூர் பேரைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பாள் ஆத்தா. அவர்களுக்கு அவள் முறத்தில் கம்பு போடுவாளாம். டெல்டா பக்கம் பக்கிரிசாமி என்று பேர் வைத்த இந்துக்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். பக்கிரி, சாமி, ரெண்டும் ஒரே ரேஷன் கார்டில்.

வேனில் ஆத்தா ஒரு சட்டம் போட்டாள். சாமி காரியமாகப் போவதால் யாரும் கவிச்சி தொடக்கூடாது. நாகூரில் இறங்கினால் திரும்பின பக்கமெல்லாம் பிரியாணி வாசம். டிரைவர் என் காதோடு, "ஏனுங்ணா, இந்த ஊர்ல வந்து தயிர் சாதம் தேடற ஒரே குடும்பம் நாமதாங்க" என்றான். நிஜமாகவே தேடினோம். கிடைத்தது.

ஆண்டவர் என்று நாம் கூப்பிடுகிற ஷாகுல் ஹமீது வலி பதினாறாம் நூற்றாண்டுக்காரர். இன்றைய உத்தரப்பிரதேசத்தில் உள்ள மாணிக்கப்பூரில் பிறந்தவர். மக்கா உட்பட எங்கெங்கோ சுற்றி, கடைசியில் இந்தக் கடற்கரையில் தங்கிவிட்டார். தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பருக்கு வந்த தீராத நோவுக்குக் காரணம், யாரோ ஊசி குத்திப் பறக்கவிட்ட ஒரு புறா என்று கண்டுபிடித்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குணமாக்கினார் என்பது கதை. அதனால்தான் இன்றும் வேண்டுதலுக்குப் புறா விடுகிறார்கள். பேரப் பிள்ளைகளில் சின்னது விட்ட புறா ரெண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, விற்றவர் கடைக் கூரையிலேயே போய் உட்கார்ந்தது. ரொட்டேஷன்.

ஐந்து மனோராக்களில் பெரியது 131 அடி. அதைக் கட்டியவர் தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய ராஜா பிரதாப் சிங். பிள்ளை வேண்டி நேர்ந்துகொண்டாராம், பிறந்ததாம், கட்டினாராம். ஆத்தாவிடம் சொன்னேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "ராசா வேண்டினா ராசா மாதிரி கட்டறான். நம்மகிட்ட இருக்கறது முடிதான்" என்றாள்.

அதிலும் ஒரு சிக்கல். 1998-ல் சித்தப்பாவுக்குக் காடு மாதிரி முடி. இப்போது ஐம்பத்தொன்பது வயசு. காதுக்கு மேலே ரெண்டு ஓரத்திலும் கொஞ்சம், நடுவில் மைதானம். இதற்குத்தான் டிப்ரிசியேஷன் என்று பெயர். மொட்டை போடுகிறவர் தலையைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, "முடியை எங்க சார் விட்டுட்டு வந்தீங்க?" என்றார்.

"வேண்டினப்ப இருந்துச்சுங்க" என்றார் சித்தப்பா பாவமாக.

அவர் சிரித்துக்கொண்டே கத்தியைத் தீட்டியபடி தன் தொழிலுக்கே பெருமையான ஒரு கதை சொன்னார். ஆண்டவர் முடி மழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நடுக்கடலில் ஒரு டச்சுக் கப்பலில் ஓட்டை. அதில் இருந்தவர்கள் அலறினது இவருக்குக் கேட்டது. சட்டென்று நாவிதர் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி வீச, அது போய்க் கப்பல் ஓட்டையை அடைத்துக்கொண்டதாம். கப்பலில் இருந்தவர்கள் எந்த மதம் என்று கதையில் யாரும் கேட்கவில்லை. முழுகுகிறவன் கூப்பிட்டான், அவ்வளவுதான். கடல் கடந்து போன தமிழ் முஸ்லிம்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர் பேரில் நினைவு தர்காக்களே கட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் உள்ளது 1828-க்கும் 1830-க்கும் நடுவில் கட்டியது. பத்திரமாகக் கரை சேர்ந்தவர்கள் பாக்கி தீர்த்த விதம் அது.

மொட்டையில் சந்தனம் பூசி, சர்க்கரை, பூ எல்லாம் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். ஆண்கள் எல்லோரும் தலையில் கைக்குட்டை. பெரியப்பாவும்தான். வழியெல்லாம் பேசாமல் வந்தவர், கைக்குட்டையை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருந்தார். ஓதுவதற்கு உட்கார்ந்திருந்த பெரியவர் பேரும் ஊரும் கேட்டார்.

"கோயமுத்தூருங்க" என்றார் அப்பா.

"என்ன வேண்டுதல்?"

அப்பா லேசாக இருமினார். 'குடும்ப க்ஷேமம்' என்று சொல்லிச் சமாளிக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அதற்குள் ஆத்தா முந்திக்கொண்டாள்.

"குண்டு வெடிச்சன்னிக்கு எம் பையன் வூடு வந்து சேரோணும்னு வேண்டிக்கிட்டனுங் சாமி."

எங்கள் பதினோரு பேரில் பத்துப் பேர் கப்சிப். பக்கத்தில் நின்ற ரெண்டு மூணு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா தரையைப் பார்த்தார்.

பெரியவர் கொஞ்ச நேரம் ஆத்தாவையே பார்த்தார். அப்புறம் கேட்டார்: "புள்ள வந்துட்டாராம்மா?"

"இதா நிக்கறானுங்க" என்று சித்தப்பாவின் மொட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, மயிலிறகுக் கட்டால் அந்தத் தலையைத் தொட்டார். ஓத ஆரம்பிக்கப் போனவரை ஆத்தா மறுபடி நிறுத்தினாள்.

"சாமி, அன்னிக்கு வூடு வராதவிங்களும் இருக்கறாங்கொ. அவிங்களுக்கும் சேர்த்து ஓதிருங்க. அதுக்கு முந்தி, அந்தக் கார்த்திகையில செத்தவிங்களுக்கும்."

"பேரு தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க."

"பரவாயில்ல. பேரு தெரியாமலும் ஓதலாம்."

ஓதினார். ஆத்தா கைகூப்பியபடி நின்றாள். பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் கையேந்தியபடி நின்றது. ரெண்டும் ஒரே விலாசத்துக்குப் போகிற தபால் மாதிரி எனக்குப் பட்டது. மத நல்லிணக்கம் என்ற வார்த்தையை அங்கே யாரும் சொல்லவில்லை. மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. ஒரு கிழவி பாக்கி கொடுத்தாள், ஒரு கிழவர் வரவு வைத்துக்கொண்டார். மைக் வைத்துப் பேசுவதைவிட இது கொஞ்சம் கெட்டியானது என்று எனக்கு ஒரு எண்ணம்.

உண்டியல் முன்னால் மஞ்சள் முடிச்சை அவிழ்த்தாள். பத்து ரூபாய் நோட்டு, ஒரு ரூபாய், ஒரு நாலணா. அந்த நாலணா 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டது என்று நான் பொறுப்பாக எடுத்துச் சொன்னேன். ஆத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "செல்லாதுன்னு சொன்னது ஆரு? கவருமெண்டா, ஆண்டவரா?" நாலணா உள்ளே விழுந்தது.

ஊருக்குத் திரும்பிய மறுநாள், பெரியப்பா தானே சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வீதியில் வீடு வீடாகக் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர், "ஏனுங்க, பழனியா?" என்று கேட்டது எங்கள் வாசல் வரை கேட்டது.

"இல்லீங்க. நாகூரு. ஒரு பாக்கி இருந்துச்சு" என்றார் பெரியப்பா. நல்ல சத்தமாகவே.

ஆக, எங்கள் வீட்டுப் பேரேட்டில் ஒரு கணக்கு சுத்தமாக முடிந்தது என்று நினைத்தேன். அன்று ராத்திரி ஆத்தா கூப்பிட்டு, மஞ்சள் துணியில் புதுசாக ஒரு முடிச்சைக் காட்டினாள்.

"இதென்ன ஆத்தா?"

"உனக்கும் முப்பது தாண்டிப் போச்சு. நம்ம பக்கம் பொண்ணு கெடைக்கறதும் குதிரைக் கொம்பா இருக்குது. ஒருத்தி அமைஞ்சா சோடியா கூட்டியாறேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கறேங் கண்ணு."

கணக்கு மறுபடி ஓப்பன். சரக்கு டெலிவரிக்காகக் காத்திருக்கிறோம்.