கைப்பேசியா? காகிதப் படமா?

"வழி தெரியாவிட்டால் என்ன, கைப்பேசி இருக்கிறதே!" என்கிறோம் நாம். "அதை நம்பாதே, நிலப்படத்தைப் பார்" என்கிறார்கள் மூத்தோர். இவ்வழக்கில் அடியேனும் ஒரு சாட்சி.

என் தந்தையார் கரும்பு லாரி ஓட்டுநர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சென்ற அரவைப் பருவத்தில் ஒரு விடுமுறை நாளன்று அவருடன் சென்றேன். சிதம்பரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் சுமை ஏற்றி நெல்லிக்குப்பம் திரும்புகையில், கைப்பேசி ஒரு குறுக்கு வழி காட்டியது. "ஆறு கிலோமீட்டர் மிச்சம்பா" என்று ஆசை காட்டியவன் நான்தான். பொழுது சாயும் நேரம். எதிரே ஒரு வாய்க்கால் மதகு. புல்லுக்கட்டோடு வந்த ஓர் அம்மாள் கை நீட்டி மறித்தார்: "டிராக்டரே இதுல போறதில்ல தம்பி!" இருட்டில் ஒரு மணி நேரம் பின்னோக்கியே வந்தோம். அப்பா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

பிழை எங்கே? செயற்கைக்கோளிடம் இல்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்களில் குறைந்தது நான்கின் குறிப்பலைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணிக்கிறது. கோள்களின் வேலை அதோடு முடிந்தது. எந்தச் சாலையில் செல்வது என்பதைக் கைப்பேசியிலுள்ள நிலப்படமே தீர்மானிக்கிறது. எங்கள் லாரியின் உயரத்தையும் எடையையும் அது கேட்கவேயில்லை. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ராம்கங்கை ஆற்றுப் பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் மாண்டனர். பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் முன்பே கொண்டுபோயிருந்தது. கைப்பேசி காட்டிய வழியில் அவர்கள் சென்றதாகச் செய்தித்தாள்கள் எழுதின.

அப்படியானால் காகிதமே கதியா? 1767இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள், கப்பிச் சாலை வேறு, மண் பாதை வேறு என்று பிரித்துக் காட்டும். அளவையிட்ட ஆண்டையும் ஓரத்தில் ஒப்புக்கொள்ளும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் நேற்று உடைந்த பாலத்தை அதுவும் அறியாது. மேலும், ஆங்கில எழுத்துகள் நிறைந்த அத்தாள் என் தந்தையாருக்கு எதற்கு? அவரிடம் தமிழில் பேசிய முதல் நிலப்படம் கைப்பேசிதான். அதைத் தூக்கி எறியச் சொல்வோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். கருவியை நீட்டுவதோடு படித்தவன் கடமை தீர்ந்துவிடாது. அது எதை அறியும், எதை அறியாது என்றும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே என் துணிபு.

இப்போதெல்லாம் முதல் நாள் இரவே படத்தைப் பார்த்து, வெள்ளாறு, பரவனாறு, கெடிலம் என வழியிலுள்ள ஆறுகளையும் ஊர்களையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தருகிறேன். தாள் கண்ணாடி ஓரத்தில் இருக்கிறது. கைப்பேசி பக்கத்தில் பேசுகிறது. ஐயம் எழுந்தால் அப்பா வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் யாரையாவது கேட்கிறார்.