டிட் நாட் வென்ட்: குற்றவாளி தமிழா?

"ஹி டிட் நாட் வென்ட்." தமிழ் மீடியத்தில் பன்னிரண்டு வருடம் படித்துவிட்டு பி.காம். சேரும் திருத்தணிப் பையன் இப்படி எழுதினால் உடனே தீர்ப்பு வந்துவிடும். "தமிழ்ல யோசிக்கிறான், அதான் தப்பு வருது. வீட்லயும் இங்கிலீஷே பேசு!"

இந்தத் தீர்ப்பு தலைகீழ், மக்களே. அவன் தமிழில் யோசித்திருந்தால் அந்தத் தப்பே வந்திருக்காது.

'போனான்' என்பதற்கு எதிர்மறை என்ன? 'போகவில்லை'. 'போனவில்லை' என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? 'இல்லை' வந்து ஒட்டியதும் வினை தன் இறந்தகாலத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் 'போக' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'டிட்' வந்ததும் 'வென்ட்' அதனிடம் காலத்தை ஒப்படைத்துவிட்டு 'கோ' ஆகிறது. இரண்டும் அச்சு அசல் ஒன்றில்லைதான். ஆனால் பையனுக்குப் பிடித்துக்கொள்ள இந்தக் கயிறு போதும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவனா? அங்கேயும் இதே கதை. 'வெள்ளாடு' (ஆடு இல்லைங்க, 'போனான்' என்று அர்த்தம் :)) எதிர்மறையில் 'வெள்ளலேது' ஆகும். 1960 ஏப்ரல் 1-ல் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் இது. இரண்டு மொழியும் காதில் விழ வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். ஒருவரையும் கூப்பிடுவதில்லை!

அதற்குப் பதில் என்ன நடக்கிறது? பன்னிரண்டு டென்ஸ், பன்னிரண்டு கட்டம். மலைக்கோயிலின் 365 படிகளையாவது ஏறினால் முருகனைப் பார்க்கலாம். இந்த அட்டவணையை ஏறி முடித்தவன் எதைப் பார்த்தான்? (கோ, வென்ட், கான் மாதிரியானவற்றை மனப்பாடம்தான் செய்யணும், அதில் சண்டை இல்லை.)

இதில் பெரிய காமெடி, அடுத்த பீரியடில் தமிழ் ஐயா பகுபத உறுப்பிலக்கணம் நடத்துவார். 'நடந்தான்' என்பதை பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி என்று அதே பையன் பிரித்து மேய்ந்துவிடுவான். வினை காலம் காட்டும் என்று தொல்காப்பியர் அன்றைக்கே சொல்லிவிட்டார். 'வந்தான், வந்தாள், வந்தது' என்று ஆளுக்கொரு விகுதி போடுகிறவனுக்கு 'ஹி கம்ஸ்'-ல் வரும் ஒற்றை 'ஸ்' மலையா? 'வந்திருக்கிறான்' என்றால் ஹேஸ் கம். 'வந்திருந்தான்' என்றால் ஹேட் கம். இதை யாராவது ஒரு நாள் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் என்னவாம்?

தமிழ் காலை வாரும் இடமும் உண்டு, மறைக்க வேண்டாம். "தினமும் டீ குடிக்கிறேன்", "இப்போ டீ குடிக்கிறேன்" இரண்டுக்கும் நமக்கு ஒரே 'கிறேன்'. ஆங்கிலம் அதை 'ட்ரிங்க்', 'ஆம் ட்ரிங்கிங்' என்று பிரிக்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" பிறக்கிறது. "அவன் டாக்டர்" என்பதில் நமக்கு வினையே தேவையில்லை, அவர்களுக்கு 'இஸ்' இல்லாமல் முடியாது. நேரத்தைச் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

"ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரய்யா இது, 1936-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார்" என்று சிலர் வருவார்கள். வரட்டும். ஒரு மேதையைக் காட்டி ஒரு வகுப்பையே மட்டம் தட்டுவது எந்த ஊர் நியாயம்? டெபிட், கிரெடிட்டைத் தூக்கத்தில்கூடச் சரியாகப் போடுகிற பையன், வேலைக்கான இன்டர்வியூவில் 'ஹேஸா, ஹேடா' என்று பயந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பதில் அவன் வாயிலேயே இருக்கிறது, தமிழில்.