கூலிக் கணக்கைச் சொன்ன பாட்டுகள்



பெண்கள் குழுக்களின் பயிற்சிப் பட்டறைகள் முடியும்போது எல்லோரும் கைகோர்த்து நின்று ஒரு பாட்டுப் பாடுவோம். ஒரு நாள் நமக்கும் வெற்றி வரும் என்ற கருத்துள்ள பாட்டு அது. உங்களில் பலர் அதைப் பாடியிருப்பீர்கள். அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டுப் பார்ப்பதில்லை. நிறுவனங்கள் கொண்டுவந்த பாட்டு என்றே பலரும் நினைக்கின்றோம். உண்மையில் அதைக் கூலிக்காகப் போராடிய பெண்கள் பாடி வளர்த்தார்கள்.

1945 ஒக்டோபரில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள சார்ள்ஸ்டன் நகரில் சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் அதிகமானோர் கறுப்பினப் பெண்கள். மாதக் கணக்கில் நீடித்த அந்தப் போராட்டத்தில் ஒவ்வொரு நாள் மறியல் முடிவிலும் லூசில் சிமன்ஸ் என்ற தொழிலாளப் பெண் தேவாலயத்துப் பழைய பாட்டொன்றை மெதுவாக இழுத்துப் பாடுவார். அவர் பாட, மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். பழைய பாட்டில் "நான்" என்றிருந்த இடத்தில் "நாங்கள்" என்ற சொல் வந்து சேர்ந்தது. டெனசி மாநிலத்தில் தொழிலாளருக்கான பாடசாலையொன்றை நடத்திய சில்ஃபியா ஹோர்ட்டன் அதைக் கற்றுப் பிறருக்கும் கற்றுக்கொடுத்தார். பீட் சீகர் போன்ற பாடகர்கள் அதைப் பரப்பினார்கள். 1960களில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தின் கீதமாகவே அது ஆகிவிட்டது.

"நான்" என்பது "நாங்கள்" ஆன அந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நாட்டிலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது.

மலையகத் தோட்டங்களில் வேலை செய்தோர் ஆரம்பத்திலிருந்தே பாடினார்கள். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்தெடுக்கும் பாட்டு என்று அவை பலவகை. அவற்றுக்குள் கூலிக் கணக்கும் இருந்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் "பேர்" என்பார்கள். பிரட்டுக்குப் பிந்தினாலோ, எடுத்த கொழுந்தின் நிறை போதாவிட்டாலோ கணக்கப்பிள்ளை "அரைப் பேர்" போடுவார். முழு நாளும் மழையில் நனைந்தவளுக்கு அரை நாள் கூலிதான். எந்த அரசாங்க அறிக்கை இதை எழுதாவிட்டாலும் பாட்டு எழுதி வைத்தது. கங்காணியின் ஏச்சு, கடன், லயத்துக் குளிர் எல்லாம் அப்படிப் பாட்டிலே பதிவானவை. மலையக எழுத்தாளரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றில் பல அழிந்திருக்கும்.

இந்தத் தனித்தனிக் குரல்களைக் கூட்டத்தின் குரலாக்கியவர்களில் ஒருவர் மீனாட்சி அம்மாள். இவருடைய கணவர் கோ. நடேசய்யர், 1931இல் ஹற்றனில் தோட்டத் தொழிலாளருக்கான தொழிற்சங்கத்தைத் தொடங்கியவர். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் வெளியார் நுழைந்து கூட்டம் வைப்பது இலகுவான காரியமல்ல. எழுத வாசிக்கத் தெரிந்த தொழிலாளரும் குறைவு. துண்டுப்பிரசுரம் போகாத இடத்துக்கும் பாட்டுப் போகும் என்பதை மீனாட்சி அம்மாள் தெரிந்து வைத்திருந்தார். கூட்டங்களில் பாரதியின் பாடல்களையும் தானே இயற்றிய பாடல்களையும் பாடுவார். பேச்சு பிறகுதான் நடக்கும்.

1939இல் இலங்கை அரசாங்கம் தனது திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கத் தீர்மானித்தது. அடுத்த வருடம், 1940இல், "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை" என்ற பெயரில் மீனாட்சி அம்மாள் தன் பாடல்களைச் சிறுநூலாக வெளியிட்டார். அதே வருடம் ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். பாட்டுப் பாடுவதும் அன்று உயிரோடு விளையாடுகின்ற வேலைதான்.

இனி, அந்தக் கூலியையும் கொஞ்சம் பார்ப்போம். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டது. மலை உச்சித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். ஒரே மலை, ஒரே மழை, ஒரே அட்டைக் கடி. ஆனால் 11 சதம் குறைவு! ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்பது 1984இல், தொழிற்சங்கங்களின் வேலைநிறுத்தத்துக்குப் பின்னர்தான் கிடைத்தது. அதன் பிறகும் பல தோட்டங்களில் பெண்ணின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்குகிற பழக்கம் தொடர்ந்தது. சட்டம் மாறியதும் எல்லாம் மாறிவிடாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

மீனாட்சி அம்மாள் மலையகத்தில் பாடிக்கொண்டிருந்த காலத்துக்குச் சற்று முன், அமெரிக்காவின் வட கரோலினாவில் எல்லா மே விக்கின்ஸ் என்றொரு பெண் இருந்தார். நூலாலையில் இரவு வேலை செய்தவர். கணவன் விட்டுப் போய்விட்டான். பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல் வந்தபோது பகல் வேலைக்கு மாற்றித் தரும்படி கேட்டார். கிடைக்கவில்லை. ஒன்பது பிள்ளைகள் பெற்றவர், நாலு பிள்ளைகளை இழந்தார். விடியலில் பிள்ளைகளை விட்டு வேலைக்குப் போகும் தாயின் மனதை ஊர் மெட்டில் பாட்டாகக் கட்டினார். தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சங்கத்தில் இருக்க வேண்டும் என்று வாதாடினார். 1929 செப்டெம்பர் 14ஆம் திகதி கூட்டத்துக்கு லொறியில் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 28. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். அவருடைய பாட்டை அவருடைய கப்றடியிலேயே பாடினார்கள்.

இதையெல்லாம் வாசிக்கும்போது எங்கள் கரையோரம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. நிந்தவூர், சாய்ந்தமருது, மருதமுனை, அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும் கவி தெரிந்த மூத்தம்மா ஒருவர் இருந்திருப்பார். கரைவலை இழுப்பவர்களுக்கு அம்பாப் பாட்டு இருந்தது. களவெட்டியில் சூடடிப்பவர்களுக்குப் பொலிப்பாட்டு இருந்தது. வெட்டுமெசின் வந்ததும் களவெட்டி போனது, பாட்டும் போனது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் எங்கள் கவிகளைத் தொகுத்துப் புத்தகமாக்கியதால் ஒரு பகுதி தப்பியிருக்கிறது. ஆனால் எங்கள் கவிகளை அதிகமும் காதல் கவிகளாகவே பேசுகிறோம். அவற்றில் வேலையின் வலியும் உண்டு என்பதைக் கவனிப்பதில்லை.

நான் வேலை செய்யும் ஒரு சிறுசேமிப்புக் குழுவில் பெரும்பாலானோர் யுத்தத்தில் கணவனையோ மகனையோ இழந்தவர்கள். புல்லுப் பிடுங்கவும் கதிர் பொறுக்கவும் போகிறவர்கள். ஒரு நாள் கூட்டத்தில் வயதான ராத்தா ஒருவர் தன் உம்மா பாடிய கவியொன்றைச் சொன்னார். போடியார் நெல்லை அளந்து தரும்போது மரைக்காலைத் தட்டாமல் அளந்ததைக் கேலி பண்ணும் கவி அது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருவர், "இப்ப மட்டும் என்ன, ஆம்பிளைக்கொரு கூலி, எங்களுக்கொரு கூலிதானே?" என்றார். அதுவரை எவரும் கூலியைப் பற்றி வாய் திறந்ததில்லை. அன்று ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த நாட்கூலியைச் சொல்ல, ஒரு பிள்ளை கொப்பியில் எழுதினார். ஒரே வயலில், ஒரே வேலைக்கு ஆளுக்கொரு கூலி கொடுக்கப்பட்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த போகத்தில் அவர்கள் எல்லோரும் ஒரே தொகையைக் கேட்டார்கள். சில முல்லைக்காரர் கொடுத்தார்கள். ஒருவர் மறுத்து, வேறு ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார். வந்தவர்கள் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பெண்கள், அவர்களும் யுத்தத்தில் இழந்தவர்கள்தான். 1990க்கு முன் இரு ஊர்ப் பெண்களும் ஒரே வரம்பில் நின்று கவி சொன்னவர்கள் என்று ராத்தா சொன்னார். இப்போது எங்கள் குழுவுக்கு முன்னால் உள்ள கேள்வி இதுதான்: அந்தப் பெண்களோடு எப்படிப் பேசுவது? அவர்களுக்கும் சேர்த்துக் கேட்காத கூலி எங்களுக்கும் நிலைக்காது.

பாட்டு மட்டும் கூலியைக் கூட்டித் தராது. மலையகத்தில் பாட்டோடு சங்கம் இருந்தது, சங்கத்துக்கு வேலைநிறுத்தம் இருந்தது. ஆனால் மனுவில் எழுத வராததைப் பாட்டுச் சொல்லும். தனியே சொல்லப் பயந்ததைக் கூட்டமாகச் சொல்ல வைக்கும்.

மேடையேறிப் பாடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் மட்டும் கூடும் இடத்தில், திண்ணையில், தறியடியில், உங்கள் மூத்தம்மாமாரிடம் வேலையைப் பற்றிய கவி தெரியுமா என்று கேளுங்கள். யாருடைய வயல், என்ன கூலி, எந்த வருடம் என்பதையும் விசாரியுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்து எழுதி வையுங்கள். அதே கொப்பியின் அடுத்த பக்கத்தில் உங்கள் குழுவினர் இந்தப் போகத்தில் வாங்கிய கூலியையும் எழுதுங்கள். இரண்டு பக்கங்களையும் அடுத்த கூட்டத்தில் உரத்து வாசியுங்கள்.