சம்பாதித்தால் உதவித்தொகை நின்றுவிடுமா?

வல்லம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். நடக்க முடியாத என் பெரியப்பா மகன் புதிதாகக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கியிருக்கிறார். தமிழ் டைப்பிங் வேகமாக வருகிறது.

"வீட்டுலயே டி.டி.பி. வேலை ஆரம்பிக்கலாமே அண்ணா?" என்றேன்.

"வருமானம் வந்துடுச்சுன்னு உதவித்தொகைய நிறுத்திட்டா? வேலை இல்லாத மாசம் என்னப்பா பண்றது?" என்றார். சாஃப்ட்வேர் எஞ்சினீயரான என்னிடம் பதில் இல்லை.

அவர் பயம் நியாயமானது. வருவாய்த்துறை வழங்கும் உதவித்தொகையைத் தமிழக அரசு 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தியது. மத்திய அரசின் 300 ரூபாய் ஓய்வூதியமோ, 80 சதவீத ஊனத்துடன் வறுமைக் கோட்டுக்குக் கீழும் இருப்பவர்களுக்கே. அதே மத்திய அரசுதான் 2008-இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், கிராமத்தில் தொழில் தொடங்கும் மாற்றுத்திறனாளிக்கு 35 சதவீத மானியம் என்றது. ஒரு விதி 'தொழில் செய்' என்கிறது. இன்னொரு விதி 'ஏழையாகவே இரு' என்கிறது!

பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் உதவி ஒரேயடியாக நிற்பதில்லை. 2021-இல் வந்த மாற்றத்தின்படி, சம்பாத்தியம் ஒரு பவுண்டு கூடினால் உதவி 55 பென்ஸ் குறையும். இங்கும் அப்படிப் படிப்படியாகக் குறைத்தால் என்ன? முதல் இரண்டு வருடம் தொடவே கூடாது என்பது என் கருத்து.

அதுவரை, தொழில் தொடங்கும் முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். அண்ணனும் மனு எழுதிவிட்டார். அவர் பிரிண்டரில் வந்த முதல் பக்கம் அதுதான்!