எழுபது வளைவுக்கு மேல ஒரு லேப்டாப்!

இந்த வாரம் கொஞ்சம் மலை ஏறுவோமா?

நாமக்கல் பக்கம் கொல்லிமலை. அடிவாரத்துல காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. தலை சுத்தி முடிச்சு மேல போனா, ஊரெல்லாம் நாடு நாடா இருக்கும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு... அதுல ஒண்ணு குண்டூர் நாடு. (பேருதான் நாடு, விசா எல்லாம் வேண்டாம்!) இப்போ நீங்க குண்டூர் நாட்டுக்காரர்னு வெச்சுக்கோங்க. கீழே ஏதோ ஒரு காலேஜ்ல ஃபைனல் இயர். வெள்ளிக்கிழமை பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்தாச்சு. திங்கட்கிழமை ப்ராஜெக்ட் ரிவ்யூ. ஞாயித்துக்கிழமை ராத்திரி லேப்டாப்பை ஆன் பண்ணினா, கறுப்புத் திரை. மூலையில ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்ணடிக்குது. சர்வீஸ் சென்டரோ 70 வளைவுக்குக் கீழே!

சென்னைவாசிகளே, சிரிக்காதீங்க. ராத்திரி 11 மணிக்கு உங்க தெருவுல மட்டும் கடை திறந்திருக்கா என்ன? அந்த நேரத்துல நாம எல்லாருமே குண்டூர் நாடுதான்.

முதல்ல ஒரு நல்ல சேதி. லேப்டாப் பூட் ஆகலைன்னா உள்ளே இருக்கிறது எல்லாம் போச்சுன்னு அர்த்தம் இல்ல. பல நேரம் விண்டோஸ் மட்டும்தான் மண்டையைப் போட்டிருக்கும். உங்க ஃபைல் எல்லாம் டிஸ்க்ல பத்திரமா உட்கார்ந்திருக்கும். வீடு நல்லா இருக்கு, வாசக் கதவு மட்டும் மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான். ஆனா வேற வழியா உள்ளே போக ஒரு சாவி வேணும்ல? அந்தச் சாவியைக் கதவு திறந்திருக்கும்போதே செஞ்சு வெச்சிருக்கணும். இங்கதான் முக்காவாசிப் பேர் கோட்டை விடுறாங்க.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? க்ரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனி அனுப்பின ஒரே ஒரு அப்டேட். உலகம் பூரா சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில படுத்துடுச்சுன்னு மைக்ரோசாஃப்ட்டே கணக்கு சொல்லிச்சு. ஹைதராபாத் ஏர்போர்ட்ல கையால எழுதின போர்டிங் பாஸ் கொடுத்தாங்க! வைத்தியம் என்னவோ ரொம்ப சிம்பிள்: சேஃப் மோடுல நுழைஞ்சு ஒரே ஒரு ஃபைலை அழிக்கணும். ஆனா டிஸ்க்கை பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருந்த மெஷின்கள், 'ரெக்கவரி கீ கொடு, அப்புறம் உள்ளே வா'ன்னு வாசல்லயே நிறுத்திடுச்சு. அந்தக் கீயை எங்கே வெச்சோம்னு பெரிய பெரிய கம்பெனியே தேடி அலைஞ்சது.

'அது கம்பெனி சமாச்சாரம், நமக்கென்ன'ங்கிறீங்களா? 2024-ல வந்த விண்டோஸ் 11 பதிப்புல இருந்து, புது மெஷின்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு நுழைஞ்சாலே பெரும்பாலும் டிஸ்க் தானா பூட்டிக்குது. உங்களைக் கேட்கிறது கூடக் கிடையாது. சாவி 48 இலக்க நம்பர். உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்குள்ள போய், டிவைஸ் பகுதியில பாருங்க, இருக்கும். இன்னிக்கே ஒரு நோட்டுல எழுதுங்க. ஆமா பாஸ், பேனாவால! காலேஜ் கொடுத்த மெயில் ஐடியில விண்டோஸ் ஓட்டுறவங்க ரெண்டு தடவை எழுதுங்க. பாஸ் அவுட் ஆனதும் காலேஜ் அந்த மெயிலை மூடினா, சாவியும் அதோட போயிடும்.

அடுத்தது ஒரு பென் டிரைவ். உபுன்டு மாதிரி ஒரு லினக்ஸை அதுல போட்டு வெச்சா, விண்டோஸை எழுப்பாமலே லேப்டாப்பை ஆன் பண்ணி, ஃபைலை எல்லாம் வெளியே எடுத்துடலாம் (டிஸ்க் பூட்டியிருந்தா அந்த 48 நம்பர் கேட்கும்). 2011-ல தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, விண்டோஸுக்குப் பக்கத்துலயே சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தாங்க. (நிஜமாவே பேரு அதுதான் பாஸ்!) ஒரு கதவு மாட்டினா இன்னொரு கதவு. பல பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலைங்கிறது வேற கதை. விண்டோஸ்லயே 'ரெக்கவரி டிரைவ்'னு தேடினா இன்னொரு பென் டிரைவும் செஞ்சுக்கலாம், 16 ஜிபியாவது வேணும். ஆனா அது விண்டோஸைத்தான் ரிப்பேர் பண்ணும், உங்க ப்ராஜெக்ட்டைக் காப்பாத்தாது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. செஞ்ச கையோட ஒரு தடவை அதுல பூட் பண்ணிப் பாருங்க. டெல், லெனோவோன்னா பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி.ன்னா எஸ்கேப்.

இதெல்லாம் கதவு மாட்டிக்கிட்டா. வீடே இடிஞ்சா? அதாவது டிஸ்க்கே செத்துட்டா? இதுக்கு குண்டூர் நாட்டுப் பாட்டிங்களைத்தான் கேட்கணும். கொல்லிமலை சாமை, தினை, கேழ்வரகு விளையிற பூமி. அடுத்த வருஷ விதையை எடுத்து வெச்சுட்டுத்தான் மிச்சம் அடுப்புக்குப் போகும். மரவள்ளி வந்து சிறுதானிய நிலத்தை விழுங்க ஆரம்பிச்சதும், பழைய ரகங்கள் காணாமப் போயிடுமோன்னு பயம் வந்துச்சு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள்ல இருந்து அங்க வேலை பார்த்து, ஊர்க்காரங்களோட சேர்ந்து விதை வங்கிகள் வெச்சது. ஒரு வீட்டுக் குதிர் காலியானாலும் ஊர்ல இன்னொரு இடத்துல அதே விதை இருக்கும். நம்ம கம்ப்யூட்டர் ஆளுங்க இதையே 3-2-1னு சொல்றாங்க: 3 பிரதி, 2 வேற வேற சாதனம், 1 வேற இடத்துல. என்னைக் கேட்டா பாட்டி சொன்னதுதான் மனசுல நிக்குது.

விதையை முளைக்குதான்னு பார்ப்பாங்க இல்ல? அதே மாதிரி மாசம் ஒரு தடவை பேக்கப்ல இருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்க. 'கூகுள் டிரைவ்ல தானா ஏறுதே'ன்னு நிம்மதியா இருக்கவும் வேண்டாம். இங்க அழிச்சா அங்கயும் அழியும். குப்பைத் தொட்டியில 30 நாள்தான் இருக்கும். மலையில டவர் ஒரே ஒரு கோடு காட்டுற ஊருன்னா, பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே காலேஜ் வைஃபைல ஏத்திடுங்க. கோடு எழுதுறவங்க கிட்ல புஷ் பண்ணிட்டுக் கிளம்புங்க.

அப்படியும் கடைக்குப் போற நிலைமை வந்தா, 'ஃபார்மட் போட்டுடலாமா?'ங்கிற கேள்வி வரும். 'முதல்ல டேட்டாவை எடுங்கண்ணா'ன்னு சொல்லுங்க. ஹார்ட் டிஸ்க்ல டக் டக்னு சத்தம் வந்தா, திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காம உடனே அணைச்சுடுங்க.

அப்புறம் அந்த பென் டிரைவும் சாவி நோட்டும் லேப்டாப் பையிலயே இருக்க வேண்டாம். பை பஸ்ல மறந்துபோனா மூணும் சேர்ந்தே 70 வளைவு இறங்கிடும்!