ஏழாவதாக வருபவர்



லண்டனில் பனி அரிது. எனவே இங்குள்ள நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர்கள் கோடையில் ஹைட் பார்க் போன்ற இடங்களில் சக்கரம் பொருத்திய சறுக்குக்கட்டைகளில் பயிற்சி செய்வார்கள். 2020 மார்ச் 23 அன்று அறிவிக்கப்பட்ட ஊரடங்கு கூட்டுப் பயிற்சியை நிறுத்தியது. ஜூன் 1 முதல் ஆறு பேர் வரை, இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, வெளியிடத்தில் கூட அனுமதி வந்தது.

அந்த ஆறு பேர் யார்? வேகமானவர்கள் தங்களுக்குள் சேர்ந்துகொண்டிருந்தால் புதியவர்களும் மெதுவாகச் செல்பவர்களும் வீட்டிலேயே தங்கியிருப்பார்கள். குளிர்காலத்தில் திரும்பி வந்திருக்கவும் மாட்டார்கள். ஆகவே பயிற்சி நடத்துபவர் ஏழாவதாக வருபவரைத் திருப்பி அனுப்பாமல் இன்னொரு குழுவைத் தொடங்க வேண்டியிருந்தது. தேர்ந்த ஒருவர் அந்தக் குழுவுக்குப் போக வேண்டியிருந்தது. அவருடைய வேகம் சற்றுக் குறைந்திருந்தாலும் பரவாயில்லை.

நம் கிரிக்கெட் குழுவுக்கும் இதுவே பொருந்தும். இந்த வாரம் நாம் யாரை இன்னும் அழைக்கவில்லை?