மாடு தின்ற பூவும் வராத பணமும்

சினிமா எடுப்பது என்றால் காமிராவை நிறுத்தி, நடிகர்களை நடிக்கச் சொல்வதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் கஷ்டம் உண்டு. ஆனால் பெரிய கஷ்டம் அது அல்ல.

பெரிய முதலாளியின் துணை இல்லாமல் சொந்தமாகப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள காசுக்குக் கொஞ்சம் எடுப்பார்கள். காசு தீர்ந்ததும் நிறுத்துவார்கள். பிறகு அடுத்த பகுதியை எடுக்கத் தயாராக வேண்டும். அங்கேதான் உயிர் போகிறது!

"பதேர் பாஞ்சாலி" என்ற வங்காளிப் படத்தின் கதையைப் பாருங்கள்.

அது ஓர் ஏழைக் குடும்பத்தின் கதை. அக்காள் துர்கா. தம்பி அப்பு. தாய், தகப்பன், ஒரு கிழவி. படத்தை எடுத்தவர் சத்யஜித் ரே. அவர் அப்போது கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஓவியர். மாதச் சம்பளக்காரர். அதனால், விடுமுறை நாளில்தான் படப்பிடிப்பு!

1952 அக்டோபரில் வேலை தொடங்கியது. அக்காளும் தம்பியும் நாணல் காட்டுக்குள் ஓடும் காட்சி. வெள்ளை வெளேர் என்று பூத்துக் கிடந்தது நாணல். பாதிக் காட்சியை எடுத்தார்கள். மீதியை அடுத்த வாரம் எடுக்கலாம் என்று போனார்கள்.

அடுத்த வாரம் வந்தால், பூவைக் காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டன!

மாட்டைக் குற்றம் சொல்ல முடியுமா? அதற்குப் புல்தான் தெரியும். சினிமா தெரியாது. மீதிக் காட்சியை எடுக்க மறுபடி நாணல் பூக்கும் காலம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நகைப் பெட்டி திறந்தது

பணமும் தீர்ந்தது. ரே தம் இன்ஷூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன் வாங்கினார். ஆசையாகச் சேர்த்த இசைத் தட்டுகளை விற்றார். மனைவி விஜயாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. அந்த அம்மாள் மனம் ஒப்பித்தான் கொடுத்தார். அவரைப் புகழாதவர்கள் இல்லை.

புகழ்வது எளிது. ஆனால் ஒரு நல்ல படம் உருவாக ஒரு பெண்ணின் நகைப் பெட்டிதான் திறக்க வேண்டுமா? நாட்டில் வேறு பெட்டியே இல்லையா?

நகைப் பணமும் கரைந்தது. படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. வீடு கட்டுகிறவர் பணம் இல்லை என்று பாதியில் நிறுத்தலாம். சுவர் அப்படியே நிற்கும். சினிமாவில் அப்படி இல்லை. பையனுக்குக் குரல் உடைந்துவிடும். பெண் வளர்ந்துவிடுவாள். கிழவியாக நடித்த சுனிபாலா தேவிக்கோ வயது சுமார் 80!

நல்ல வேளையாக, அந்த மூன்றும் நடக்கவில்லை. ஆனால் படத்தில் நடித்த நாய் செத்துப் போயிற்று. அதே ஜாடையில் வேறொரு நாயைத் தேடிப் பிடித்தார்கள். மிட்டாய்க்காரராக நடித்தவரும் இறந்துவிட்டார். இன்னொருவரை நிறுத்தி, முகம் தெரியாமல் முதுகுப் பக்கமாகப் படம் பிடித்தார்கள்.

மழை போன பிறகு பணம்

கடைசியில் ரேயின் தாயார் தமக்குத் தெரிந்தவர் மூலம் முதல்-மந்திரி டாக்டர் பி. சி. ராயிடம் சொல்லி வைத்தார். மேற்கு வங்காள அரசாங்கம் பணம் கொடுக்க முன்வந்தது. படத்தின் பெயருக்குப் "பாதையின் பாட்டு" என்று பொருள். அதனால் சாலை அபிவிருத்திக் கணக்கில் பணத்தை எழுதினார்கள் என்று சொல்வார்கள்!

பணம் தவணை தவணையாக வந்தது. ஒரு தவணைக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்த தவணை. கணக்குக் கேட்பது தவறு அல்ல. அது மக்கள் பணம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கைப் பார்க்கிறவர் காலண்டரையும் பார்க்க வேண்டாமா?

படத்தில் பிள்ளைகள் மழையில் நனையும் காட்சி ஒன்று உண்டு. மழைக் காலத்தில் கையில் பணம் இல்லை. பணம் வந்தபோது மழை ஓய்ந்துவிட்டது! அக்டோபர் மாதத்தில், தெளிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு தினம் தினம் காத்துக் கிடந்தார்கள். ஒரு நாள் கொட்டியது. குளிரில் பையன் நடுங்கிவிட்டான். சூடான பாலில் கொஞ்சம் பிராந்தி கலந்து கொடுத்தார்கள். பணம் ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் இந்தப் பாடு வேண்டியதில்லை.

அரசாங்கத்துக்கு நஷ்டமா என்றால், அதுவும் இல்லை. போட்ட பணம் திரும்பி வந்தது. 1956-ல் பிரான்சு நாட்டில் நடந்த கான் படவிழாவில் பரிசும் கிடைத்தது.

இன்று கைபேசியிலேயே படம் எடுக்கலாம். பிலிம் சுருள் வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் ஊர் ஊராகச் சொந்தக் காசில் படம் எடுக்கும் இளைஞர்களின் பாடு மாறவில்லை. நடிக்கும் பிள்ளை வளர்வதை எந்தக் கருவியாலும் நிறுத்த முடியாது. அறுவடை முடிந்த வயலில் கதிரைக் காட்ட முடியாது. உதவுகிறேன் என்று சொல்கிறவர்கள், அரசாங்கமானாலும் தனவந்தரானாலும், "எவ்வளவு வேண்டும்?" என்பதோடு "எப்போது வேண்டும்?" என்றும் கேட்க வேண்டும். பாதியில் நிற்கும் படத்துக்குத் தை மாதத்தில் வரும் ஆயிரம் ரூபாயும் ஆடி மாதத்தில் வரும் ஆயிரம் ரூபாயும் ஒன்று அல்ல.

"பதேர் பாஞ்சாலி" 1955 ஆகஸ்டு 26-ந்தேதி கல்கத்தாவில் திரைக்கு வந்தது. சுனிபாலா தேவியின் நடிப்பை ஊரே மெச்சியது. அதைக் கேட்க அவர் இல்லை. படம் வெளிவரும் முன்பே காலமாகிவிட்டார்.